துலக்குவதும் அழிப்பதும்

1

1950களின் பிற்பகுதியில் ப்ளான்க்பா என்ற ஸ்விஸ் நிறுவனம் ராணுவ முக்குளிப்பாளர்களுக்காகச் செய்த கைக்கடிகாரம் ஒன்றின் டயலில், ஆறு மணிக்குச் சற்று மேலே, ஒரு சிறு வட்டம் உண்டு. மணி காட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடிகாரத்தினுள் ஈரம் புகுந்துவிட்டால் அந்த வட்டத்தின் ஒரு பாதி நீலத்திலிருந்து சிவப்புச் சாயலுக்கு மாறிவிடும். இனி இதை நம்பி நீரில் இறங்காதே என்று அதற்கு அர்த்தம். தன் தோல்வியைத் தன் முகத்திலேயே எழுதிக் காட்டும்படி செய்யப்பட்ட கருவிகள் உலகில் அதிகம் இல்லை.

அப்படியொரு கடிகாரம் ஒருவனுக்கு வாரிசுச் சொத்தாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா இறந்தபின் மேஜை இழுப்பறையில் கிடைக்கிறது. வட்டம் நிறம் மாறியிருக்கிறது. கண்ணாடி முழுக்கக் கீறல். முட்களில் பூசிய ஒளிப்பூச்சு பழுத்துப்போய் பழைய காகிதத்தின் நிறத்தில் இருக்கிறது. வெளி வளையத்தில் ஓர் இடத்தில் விரிசல். இதை நன்றாக்கி, புதிதுபோலச் செய்து, அப்பாவின் ஞாபகமாகக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அன்பினால்தான் தோன்றுகிறது. ஆனால் அறுபது வருஷக் கடலும் காற்றும் செய்யாத கேட்டை அந்த அன்பு ஒரு பிற்பகலில் செய்து முடித்துவிடும்.

மதிப்புக் குறையாமல் ஒரு பழைய முக்குளிப்புக் கடிகாரத்தைச் செப்பனிடுவது எப்படி என்பது, பார்த்த மாத்திரத்தில், வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குப் பிரச்னையாகத் தெரியும். அப்படித் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கட்டடங்களையும் ஓவியங்களையும் ஏடுகளையும் முன்வைத்து நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக ஐரோப்பாவிலும் இங்கும் கேட்கப்பட்டு வந்த கேள்விதான் இது. கடிகாரம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சிறிதாக்கித் தருகிறது. மதிப்பு என்பது எதன் மதிப்பு, யாருக்கு மதிப்பு என்பதையும் சேர்த்தே கேட்கவைக்கிறது.

2

முக்குளிப்புக் கடிகாரம் அழகுக்காகப் பிறந்ததல்ல. 1943இல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யாங்கும் முதுகில் சுமந்து செல்லும் சுவாசக் கருவியைச் செயல்படும்படி செய்த பிறகு, மேலிருந்து வரும் குழாயின் தயவில்லாமல் மனிதன் கடலுக்குள் திரிய முடிந்தது. ஆனால் அவன் கொண்டுபோனது அளவிட்ட காற்று. ஆகவே அங்கே நேரம் என்றால் மூச்சு. எப்போது மேலே திரும்புவது, திரும்பும் வழியில் எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் நிற்பது என்பதில் பிசகினால் ரத்தத்தில் குமிழிகள் கட்டும்.

1950இலிருந்து ப்ளான்க்பாவை நடத்திவந்த ழான்-ழாக் ஃபீக்டர் தாமே முக்குளிப்பவர். தெற்கு ஃப்ரான்ஸின் கடலில் ஒருமுறை நேரத்தைத் தவறவிட்டு, காற்று தீர்ந்து, அவசரமாக மேலேறிப் பிழைத்தவர். நீருக்குள் நம்பக்கூடிய கடிகாரம் வேண்டும் என்ற எண்ணம் அந்த பயத்திலிருந்து வந்தது. அதே சமயத்தில், ஃப்ரெஞ்சு ராணுவத்துக்காகப் போர் முக்குளிப்பாளர் பிரிவு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த ரொபேர் மலூபியேயும் க்ளோட் ரிஃபோவும் இதே போன்ற ஒன்றைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். கருப்பு டயல், பெரிய எண்கள், இருட்டில் ஒளிரும் குறிகள், சுழலும் வெளி வளையம் ஆகியவை அவர்கள் கேட்டவை. 1953இல் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வந்தது. அதை ஒட்டிய மாதங்களிலேயே ரோலெக்ஸின் ஸப்மரீனரும் வந்தது. 1956இல் கேன் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற கூஸ்தோவின் 'மௌன உலகம்' படத்தில் முக்குளிப்பவர்களின் மணிக்கட்டில் ஃபிஃப்டி ஃபாதம்ஸைப் பார்க்கலாம்.

ஐம்பது ஃபாதம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். ஃபாதம் என்பது விரித்த இரு கைகளின் நீளம். நம் கடற்கரையில் இதே அளவைப் பாகம் என்கிறார்கள். மனித உடம்பை விரித்துக் கடலை அளந்த அளவு அது.

வெளி வளையம் இந்தக் கருவியின் மூளை. இறங்கும்போது அதன் குறியை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பிவைத்தால் போதும். கழிந்த நிமிஷத்தைக் கணக்குப் போடாமல் படிக்கலாம். வளையம் தற்செயலாக நகர்ந்துவிட்டால் மரணம். அதனால் அழுத்திப் பிடித்தால் மட்டுமே திரும்பும்படி அதை ஃபீக்டர் அமைத்தார். மூடி, சாவி கொடுக்கும் குமிழ், கண்ணாடி மூன்றும் நீர் நுழையக்கூடிய வாசல்கள். மூன்றையும் காப்பது ரப்பர் வளையங்கள். கடிகாரத்தின் கௌரவம் முழுவதும் சில பைசா பெறாத ரப்பரில் இருந்தது.

இதைச் செய்தவர்களோ கட்டியவர்களோ யாரும் இதைப் பாதுகாக்கவேண்டிய பொருளாக நினைக்கவில்லை. அமெரிக்கக் கடற்படைக்கு டோர்னெக்-ரேவில் என்ற பெயரில் 1960களில் இதே வகைக் கடிகாரங்கள் போயின. ஒளிப்பூச்சில் ப்ரொமீதியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. கண்டெடுப்பவர் அருகிலுள்ள ராணுவத் தளத்தில் ஒப்படைக்கவேண்டும் என்ற எச்சரிக்கை பின்மூடியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. பணி முடிந்தபின் பெரும்பாலானவற்றை அபாயக் கழிவாகவே அழித்தார்கள். தப்பிய சிலவற்றுக்காக இன்று ஏலத்தில் போட்டி நடக்கிறது. யாருக்கும் வாரிசுச் சொத்தாகக் கூடாது என்று தன் முதுகிலேயே எழுதிக்கொண்டிருந்த பொருள் இன்று தலைசிறந்த வாரிசுச் சொத்து.

நடுவில் நடந்தது இது. 1969 டிசம்பரில் ஸெய்கோ நிறுவனம் டோக்கியோவில் முதல் க்வார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் ஸ்விஸ் பட்டறைகள் வரிசையாக மூடின. சாவி கொடுக்கும் கடிகாரம் காலாவதியான கருவியாயிற்று. கருவியாகச் செத்த பிறகுதான் அது சாட்சியாகப் பிறந்தது. 1980களில் ஜெனீவா ஏலக்கூடங்களில் பழைய கைக்கடிகாரங்களுக்குத் தனிச் சந்தை உருவானது. தேவையில்லாமல் போனபிறகு ஒரு பொருள் அடையும் மதிப்பு தேவையிலிருந்து வரும் மதிப்பு அல்ல. வேறு எங்கிருந்து வருகிறது?

3

இந்தக் கேள்விக்குப் பதில் கடிகாரக்காரர்களிடம் இல்லை. இடிந்த தேவாலயங்களைப் பற்றிச் சண்டையிட்டவர்களிடம் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃப்ரான்ஸின் கோதிக் கட்டடங்களைச் செப்பனிட்ட வியோலெ-லெ-த்யூக், தம் தொழிலைப் பற்றி வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். செப்பனிடுவது என்றால் பழுது பார்ப்பதோ பராமரிப்பதோ அல்ல. எந்தக் காலத்திலும் ஒருவேளை இருந்திராத ஒரு பூரண நிலைக்குக் கட்டடத்தைக் கொண்டுவருவது. அவருடைய துணிச்சலை மெச்சவேண்டும். எல்லோரும் மறைமுகமாகச் செய்வதை அவர் கொள்கையாகவே அறிவித்தார்.

எதிர்முகாமில் ரஸ்கின் இருந்தார். 1849இல் வெளிவந்த கட்டடக்கலை நூலில், செப்பனிடுவது என்று சொல்லப்படுவதே ஒரு பொய் என்று வாதிட்டார். செத்தவரை எழுப்ப முடியாததுபோல, கட்டியவனின் கை பட்ட கல்லை இன்னொருவன் திரும்பச் செய்ய முடியாது என்பது அவர் நிலை. அவர் வழியில் வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்றை அமைத்தார். அந்தச் சங்கத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட செல்லப்பெயர் 'சுரண்டல் எதிர்ப்பு'. தேவாலயச் சுவர்களில் படிந்திருந்த பழைய சாந்தையும் நிறத்தையும் சுரண்டி எடுத்துவிட்டுக் கல்லைப் பளபளப்பாக்கும் வழக்கத்துக்கு எதிராக வந்த பெயர். இன்று பழைய கடிகாரத்தின் கேஸைச் சக்கரத்தில் வைத்துப் பாலிஷ் போடாதே என்று சேகரிப்பவர்கள் கத்துகிறார்களே, அந்தக் கூச்சலின் தாத்தா மாரிஸ்தான்.

இருவருக்கும் நடுவே பிரச்னையைப் பிரித்துக் காட்டியவர் வியன்னாவின் கலை வரலாற்றாளர் அலாய்ஸ் ரீகல். நினைவுச் சின்னங்கள் குறித்து 1903இல் அவர் எழுதிய கட்டுரை, மதிப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று சண்டை போடும் பல மதிப்புகள் இருப்பதைக் காட்டியது. பயன் மதிப்பு: பொருள் தன் வேலையைச் செய்யவேண்டும். புதுமை மதிப்பு: முழுமையாக, மாசில்லாமல் இருக்கவேண்டும். வரலாற்று மதிப்பு: உண்டான காலத்தின் ஆவணமாக, மாற்றமில்லாமல் இருக்கவேண்டும். முதுமை மதிப்பு: காலம் அதன்மீது வேலை செய்திருப்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். புதுமை மதிப்பை வெகுஜனங்களின் ருசி என்றார் ரீகல். முதுமை மதிப்பு புதிய நூற்றாண்டின் உணர்வு என்றார். அதை அனுபவிக்க வரலாற்று அறிவுகூடத் தேவையில்லை. உதிர்ந்த சுவரைப் பார்க்கும் எவனுக்கும் அது எட்டும்.

நம் கடிகாரத்தில் இந்த நான்கையும் வைத்துப் பாருங்கள். நீருக்குள் அது ஓடவேண்டும் என்றால் குமிழையும் மூடியையும் மாற்றவேண்டும். பளபளக்கவேண்டும் என்றால் பாலிஷ். 1958இன் ஆவணமாக நிற்கவேண்டும் என்றால் எதையும் மாற்றக்கூடாது. முதுமை தெரியவேண்டும் என்றால் நிறம் மாறிய அந்த வட்டம் அப்படியே இருக்கவேண்டும். நான்கையும் ஒருசேரத் திருப்தி செய்ய முடியாது. தேர்ந்தாக வேண்டும். தேர்வு என்று வந்துவிட்டால் அது தொழில்நுட்ப விஷயமல்ல, விமர்சனம்.

பிறகு வந்தவர்கள் இந்தத் தேர்வுக்கு ஒழுக்கம் தேடினார்கள். 1963இல் தம் கொள்கையை நூலாக்கிய இத்தாலியர் செஸாரெ ப்ராண்டி, சிதைந்த ஓவியத்தில் விடுபட்ட இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறையை நிலைநிறுத்தினார். தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் எது பழையது, எது இட்டு நிரப்பியது என்பது தெரிந்துவிடும். அடுத்த வருஷம் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் செப்பனிடுதல் நின்றுவிடவேண்டும் என்ற விதியை ஏற்றது.

இது நமக்கு அந்நியமான ஒழுக்கமில்லை. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடு சிதைந்த இடங்களைச் சிதைந்த இடங்களாகவே அச்சிட்டார். 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவருக்கு விட்ட அடிகளை யாப்பு கெடாமல் இட்டு நிரப்புவது கஷ்டமான காரியமல்ல. நிரப்பியிருந்தால் நூறு வருஷமாக நாம் அவற்றைக் கபிலர் என்றும் ஔவை என்றும் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்போம். அந்தப் புள்ளிகள்தான் மற்ற அடிகளை நம்பச் சொல்கின்றன.

4

கொள்கையிலிருந்து மேஜைக்கு வருவோம்.

எதையும் தொடாமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பது முதல் தவறு. கடிகாரத்தின் உள்ளே பூசிய எண்ணெய் சில வருஷங்களில் பிசினாக இறுகிவிடும். அந்த நிலையில் ஓடவிட்டால் ஊசிமுனை போன்ற அச்சுகள் தேயும். பழைய ரப்பர் கெட்டியாகி வெடிக்கும் அல்லது தாராக உருகும். ஆகவே இயந்திரத்தைக் கழற்றிக் கழுவி எண்ணெய் இடவேண்டும், ரப்பர் வளையங்களை மாற்றவேண்டும். ஸ்பிரிங் போயிருந்தால் புதியது போடலாம். இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. மாற்றப்படுவதற்காகவே செய்யப்பட்ட பாகங்கள் இவை. எண்ணெய்க்குச் சாட்சி சொல்லும் வேலை கிடையாது.

முகம் வேறு. டயல், முட்கள், வெளி வளையம், கேஸின் விளிம்புகள் ஆகியவை சாட்சிகள். டயலைத் திரும்ப வர்ணம் தீட்டினால், எத்தனை தேர்ந்த கையானாலும், விலையின் பெரும் பகுதி போய்விடும். புதிய டயல் போட்டாலும் அப்படியே. ஆரம்பகால ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வளையத்தில் பதித்திருந்த பேக்லைட் எளிதில் விரிசல் விடக்கூடியது. ஆனாலும் விரிந்த பழையது, முழுதான புதியதைவிட மேல்.

பாலிஷ் விஷயத்தில் மன்னிப்பே இல்லை. பாலிஷ் என்பது எதையும் சேர்ப்பதில்லை, உலோகத்தை எடுப்பதுதான். பட்டறையில் கூர்மையாகச் சீவிய விளிம்பு ஒருமுறை மழுங்கிவிட்டால் மழுங்கியதுதான். இப்போது லேசரால் உலோகத்தை உருக்கி ஊற்றித் தேய்ந்த கேஸை மீண்டும் பழைய உருவுக்குச் சீவுகிறவர்கள் இருக்கிறார்கள். அபாரமான கைத்திறன். வியோலெ-லெ-த்யூக் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒளிப்பூச்சின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். நம் ஊரில் இருட்டில் மின்னும் எதையும் ரேடியம் என்றே சொல்லிவிடுகிறோம். சைக்கிள் மட்கார்டில் ஒட்டும் காகிதம்கூட ரேடியம்தான். சொல்லின் பின்னால் உள்ள மரணம் நமக்கு மறந்துவிட்டது. நியூ ஜெர்ஸியிலும் இல்லினாயிலும் டயல் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள், தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு, நிஜமான ரேடியத்தால் எண்களைத் தீட்டினார்கள். தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். நியூ ஜெர்ஸியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகும் பல வருஷங்களுக்கு, 1950களின் முக்குளிப்புக் கடிகாரங்கள்வரை, ரேடியம் புழங்கியது. 1960களில் அதன் இடத்துக்குச் சாதுவான ட்ரிட்டியம் வந்தது.

ரேடியத்தின் பாதி அழிய 1,600 வருஷங்கள் ஆகும். ஆனால் அதன் கதிரை ஒளியாக மாற்றும் துத்தநாகக் கலவை சில வருஷங்களிலேயே களைத்துவிடும். எனவே பழைய ரேடியம் டயல் இருட்டில் மின்னாது, ஆனால் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். ட்ரிட்டியம் இதற்கு மாறு. ஏறத்தாழ 12.3 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 1968இல் பூசியதில் இன்று இருபத்தைந்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தால் அதிகம். ஒளியை இழந்த இரண்டும் தேனாகவோ சந்தனமாகவோ பழுக்கின்றன. டயலின் புள்ளிகளும் முட்களும் சேர்ந்து ஒரே நிறமாகப் பழுத்திருப்பதுதான், இவை ஒன்றாகப் பிறந்து ஒன்றாகக் கிடந்தவை என்பதற்கு ஆதாரம். முள்ளில் மட்டும் புதுப் பூச்சு இட்டால் அந்தச் சாட்சியம் குலைந்துபோகும். புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் பொய் பச்சையாக எரியும்.

எச்சரிக்கை ஒன்று. 1960களுக்கு முந்திய கடிகாரத்தை வீட்டில் திறக்கக்கூடாது. உதிர்ந்த பூச்சுத் தூள் மூச்சில் போவதுதான் அபாயம். அதற்குப் பழகிய கைகளிடமே கொடுக்கவேண்டும். முதுமை மதிப்புக்காக நுரையீரலைக் கொடுக்கும்படி ரீகல் சொல்லவில்லை.

கொடுக்கும்போது எழுதிக் கொடுக்கவேண்டும்: கேஸைத் துலக்காதே, டயலையும் முட்களையும் மாற்றாதே, கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு பொட்டலத்தில் போட்டுத் திருப்பிக் கொடு. நிறுவனங்களின் சேவைக்கூடங்களில் பழைய முகத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது மரியாதையான பணியாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. கடிகாரத்தைக் கருவி என்று நம்புகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். செய்த வேலையின் பட்டியல், தேதி, முன்பும் பின்பும் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் கடிகாரத்தோடு இருக்கவேண்டும். ப்ராண்டியின் செங்குத்துக் கோடுகளை உலோகத்தில் போட முடியாது. அந்தப் பட்டியல்தான் நம் கோடு.

கடைசியில் ஒரு முரண். நீர் புகுமா என்பதைக் காற்றழுத்தத்தால் சோதித்துப் பார்க்கலாம். தேறினாலும் கடலில் இறக்கக்கூடாது. அந்த டயலின்மீது ஒரு சொட்டு உப்புநீர் பட்டால் போதும். முக்குளிப்பதற்கென்றே பிறந்த கடிகாரம், தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள, இனி முக்குளிக்கக்கூடாது.

5

முதுமைக்கு விலை வந்துவிட்டால் முதுமையையும் தயாரிப்பார்கள். ரீகல் இதை எதிர்பார்க்கவில்லை.

வெயிலிலும் ஈரத்திலும் கருப்பு டயல்கள் சில பழுப்பாக மாறுவதுண்டு. தயாரித்தபோது நேர்ந்த குறைதான் காரணம். சந்தையில் அதற்கு 'ட்ராபிகல்' என்று பெயர். நம் வெயிலின் பெயரை வைத்து ஒரு குறையை விற்கிறார்கள். 2021 நவம்பரில் ஜெனீவாவில் அப்படிப் பழுத்த ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 1957இன் முதல் வகையைச் சேர்ந்தது, 31 லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு மேல் ஏலம் போனது. அது முக்குளிப்புக் கடிகாரம் அல்ல, ஆனால் சந்தை ஒன்றுதான். நிறுவனத்தின் சொந்த அருங்காட்சியகத்துக்காகவே அது வாங்கப்பட்டது. 2023இல் உண்மை வெளிவந்தது: அது பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்துச் செய்யப்பட்டது, இதில் தன் முன்னாள் ஊழியர்களுக்கே பங்கிருந்தது என்று நிறுவனம் அறிவித்தது. ஒவ்வொரு தழும்பும் நிஜமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரே உடம்பின் தழும்புகள் அல்ல.

இங்கே ஒன்று தெளிவாகிறது. நாம் தேடுவது பழசாகத் தெரியும் மேற்பரப்பை அல்ல. ஒரு பொருள் ஒரு வாழ்க்கையை விடாமல் வாழ்ந்தது என்ற தொடர்ச்சியைத் தேடுகிறோம். ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதுதான் உண்மை என்பதும் சரியில்லை. 1953இல் பிரிட்டிஷ் விமானப்படைக்காக ஒமேகா செய்த கடிகாரங்களின் ரேடியம் டயல்களைப் பின்னர் ராணுவமே கழற்றிவிட்டு ட்ரிட்டியம் டயல்களைப் பொருத்தியது. அந்த மாற்றம் மோசடி அல்ல, அந்தக் கடிகாரங்களின் சரித்திரம். யார் மாற்றினார்கள், எந்த நிர்ப்பந்தத்தில் மாற்றினார்கள் என்பதே கேள்வி.

6

என் வாதத்தின் பலவீனமான இடத்துக்கு இப்போது வரவேண்டும்.

ஃபாவ்ர்-லூபா என்ற ஸ்விஸ் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பம்பாய் வழியாக இந்தியாவில் கடிகாரம் விற்றுவந்தது. 1960களில் அவர்களும் ஆழ்கடல் கடிகாரங்கள் செய்தார்கள். 1968இன் 'பேதி', மணியோடு ஆழத்தையும் காட்டியது. அவை நம்மிடம் அதிகம் வரவில்லை. நம் கல்யாண வீடுகளுக்கு வந்தது அதே நிறுவனத்தின் 'ஸீ சீஃப்'. பெயரில் மட்டும் கடல் இருந்த கடிகாரம். மாப்பிள்ளைக்கு மாமனார் போட்டது. என் அப்பாவிடமும் ஒன்று இருந்தது.

நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள். 1977 நவம்பர் புயலில் அப்பா இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றார். பெயரில் இருந்த கடல் அன்றைக்குக் கடிகாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. காயவைத்து எண்ணெய் போட்டபின் ஓடியது. ஆனால் டயலில் நான்கு மணிக்குப் பக்கத்தில் தேநீர்க் கறைபோல ஒன்று தங்கிவிட்டது. அந்த இரவைப் பற்றி அப்பா பேசியதே இல்லை. கறை மட்டும் இருந்தது. எனக்கு அது ஒரு வாக்கியம் மாதிரி.

பத்து வருஷம் கழித்து, தங்கை கல்யாணத்துக்கு முன்னால், கடைத்தெருவில் இருந்த வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் அப்பா அதைக் கொடுத்தார். டயல் திரும்ப அடித்து வந்தது. வெள்ளை வெளேரென்று. எழுத்து தடித்துப்போய், அடியில் இருந்த ஸ்விஸ் என்ற பொடி எழுத்து காணாமல் போயிருந்தது. நான் கோபப்பட்டேன். "இப்பதாம்ப்பா பாக்க லட்சணமா இருக்கு," என்றார் அப்பா.

பம்பாயில் திரும்ப அடித்த டயல் என்றாலே மேற்கத்திய சேகரிப்பாளர்களுக்கு இன்று ஏளனம். எனக்கும் ரொம்ப காலம் அந்த ஏளனம் இருந்தது. ரீகலின் வார்த்தையில் அப்பாவுடையது வெறும் புதுமை மதிப்பு, வெகுஜன ருசி. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற ஊரில் பழசைப் பழசாகவே சபையில் காட்டுவது அவமரியாதை. அந்த ரிப்பேர்க்காரர் ஏமாற்றவில்லை. தேய்ந்ததைத் தொடர்ந்து உபயோகத்தில் வைத்திருப்பதுதான் அவருக்கு அறம். கறையை நேசிப்பதற்கு ஓரளவு வசதி வேண்டும். கறை உண்டான இரவில் நீ நின்றிருக்கக்கூடாது.

இப்போது எனக்குப் படுவது இதுதான். அழிக்கும் உரிமை அப்பாவுக்கு இருந்தது. அந்த இரவு அவருடையது. மறக்க நினைத்தாரோ, மகள் கல்யாணத்துக்கு லட்சணமாகப் போக நினைத்தாரோ, இரண்டும் அந்தக் கடிகாரத்தின் சரித்திரத்துக்குள் நடந்தவை. விகாரமான அந்த டயல்கூட இப்போது ஒரு சாட்சிதான். அது எனக்கு வந்து சேர்ந்தபோது ஒரிஜினல் டயல் தேடிப் போடச் சொன்ன நண்பர்கள் உண்டு. போடவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. வாழ்ந்தவன் அழிக்கலாம். வாரிசு அழிக்கக்கூடாது.

சேர்க்கலாம். கட்டிக்கொள்ளலாம், சுவரில் உரசலாம், தன் பங்குக்கு ஒரு கீறல் போடலாம். நீக்கத்தான் கூடாது. மதிப்புக் குறையாமல் செப்பனிடுவது எப்படி என்ற கேள்விக்கு சந்தை சொல்லும் பதிலும் இந்தப் பதிலும் செயலில் பெரும்பாலும் ஒன்றாகவே முடிகின்றன: எண்ணெய் இடு, ரப்பரை மாற்று, முகத்தைத் தொடாதே. ஆனால் சந்தை அதை விலைக்காகச் சொல்கிறது. நாளை ருசி மாறினால் பாலிஷ் போடச் சொல்லும்.

ஃபிஃப்டி ஃபாதம்ஸ் என்ற பெயரின் பின்னால் ஷேக்ஸ்பியரின் 'புயல்' நாடகம் இருந்ததாகச் சொல்வார்கள். அதில் ஏரியல், தந்தையை இழந்ததாக நம்பும் மகனிடம், ஐந்து பாக ஆழத்தில் கடல் அவரை வேறொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதைப் பற்றிப் பாடுகிறது. அழகான பாட்டு. ஆனால் நாடகத்தில் அந்தத் தந்தை சாகவில்லை. பாட்டைக் கேட்ட மகன்தான் அதை நம்பி அழுகிறான். நம் இழுப்பறைக் கடிகாரத்தில் நிலைமை நேர்மாறு. தந்தை இல்லை. கடல் செய்த மாற்றம் மட்டும், ஆறு மணிக்குச் சற்று மேலே, அரை வட்டமாக இருக்கிறது.

அதற்கு மறுபடியும் நீலம் பூசுவது ஐந்து நிமிஷ வேலை.